முகம் காட்டிப்போட்டு வருவம்

ஹோட்டல் சலவைப் பகுதியில் ஆளுக்கொரு இரும்பு அலுமாரி தந்திருந்தார்கள். நாங்கள் அதற்குள் சப்பாத்தும் சீப்பும் வைத்திருந்தோம். அக்கா இரண்டு சீலைகள் வைத்திருந்தார். ஒன்று கத்தரிப்பூ நிறப் பட்டு. மற்றது வெள்ளையில் சாம்பல் கரை போட்ட நூல் சீலை. பட்டு நல்லதுக்கு, வெள்ளை கெட்டதுக்கு. எந்த வீட்டிலிருந்து எப்போது செய்தி வரும் என்று சொல்ல முடியாது, வந்தால் வேலை முடிந்த கையோடு ரயில் ஏறிவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

"ஒருக்கா முகம் காட்டிப்போட்டு வருவம் பிள்ளை" என்பார். பிள்ளை என்றால் நான். ஊரில் தனியாக நடந்து போகக் கூச்சப்படாத மனுஷி, சுவிஸில் ரயில் ஏறுவதற்கு மட்டும் துணை தேடுவார். அந்தத் துணையும் எப்போதும் நானாகவே இருந்தேன். என் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி இப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இன்டர்லாக்கனில் மலை பார்க்க வருகிறவர்களின் படுக்கை விரிப்புகளை நாங்கள் துவைத்து, மடித்து, அடுக்கிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். அவருடைய முழுப்பெயரைச் சொல்ல வெள்ளைக்காரருக்கு நாக்கு வளையவில்லை. நாங்கள் அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு, முதலாளியிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அதுதான் அவருடைய பெயர் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஷாஃப்ஹவுசனில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. பிள்ளையின் தாயை அக்கா ஒரு தரம் ரயிலில் கண்டு கதைத்திருக்கிறார், அவ்வளவுதான் உறவு. நாங்கள் புறப்பட்ட அன்று பனி கொட்டி ரயில்கள் எல்லாம் பிந்தின. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டி பானை கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. அக்கா ஈரச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அலங்காரம் கலைந்து டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பி நிறுத்தி, நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டு, கன்னத்தைத் தடவினார். அவர்கள் சைவக்காரர். தாய் அழுதுவிட்டார். பனிக்குப் பயந்து பாதிப் பேர் வரவில்லையாம்.

"பிந்தினால் என்ன, வந்தது வந்ததுதானே" என்று திரும்பும் வழியில் சொன்னார். எனக்கோ கால் விறைத்துப்போயிருந்தது.

இன்னொரு தரம் ஹோட்டலுக்குப் பின்னால் குடியிருந்த ஒரு சுவிஸ் கிழவர் இறந்துபோனார். எங்கள் சலவை இயந்திரங்களின் ஆவி தன் ஜன்னலில் படிகிறது என்று நாள் தவறாமல் வந்து சண்டை பிடித்தவர். அக்கா வெள்ளைச் சீலையைக் கட்டிக்கொண்டார். தேவாலயத்தில் பின்வரிசையில் இருப்போம் என்று நான் கெஞ்சக் கெஞ்ச, நேரே முன்வரிசைக்குப் போய், கிழவரின் மனைவியான கிழவியின் பக்கத்தில் இருந்து அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கறுப்பு உடுப்புப் போட்ட சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் கப்பலேறியது. ஆனால் கிழவி கையை இழுக்கவில்லை. அதற்குப் பிறகு சலவைப் பகுதி ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் நின்று, கை காட்டிவிட்டுத்தான் போவார். ஆவியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இவ்வளவு வீடுகளுக்கு முகம் காட்டின மனுஷியால் தன் ஒரே மகனின் கலியாணத்துக்குப் போக முடியவில்லை.

கணவர் ஊரில் சண்டை தொடங்கின காலத்திலேயே இறந்துபோய்விட்டார். மகன் கனடாவில் இருந்தான். அவனுக்குக் கலியாணம் பேசி முடித்தபோது அக்காவின் அகதி வழக்கு முடிவில்லாமல் கிடந்தது. நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்பி உள்ளே வர வழியில்லை. அழைப்பிதழில் அழைப்பவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர்தான் அச்சடித்திருந்தது. அதன் ஓரத்தில் மகன் பேனையால், 'அம்மா, நீங்கள் கட்டாயம் வரவேணும்' என்று எழுதி அனுப்பியிருந்தான். அக்கா அதைத் தன் அறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

பிறகு கலியாண வீடியோ கசெட் வந்தது. அதைப் பார்ப்பதற்கு வேலைக்காரர் விடுதியில் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். கதவைத் திறந்த அக்காவைக் கண்டு நான் திகைத்துப்போனேன். பட்டுச் சீலை, கழுத்தில் சங்கிலி, தலையில் பூ. பிளாஸ்டிக் பூதான். வந்தவர்களுக்குப் பயத்தம் பணியாரமும் முறுக்கும் தட்டில் வைத்து நீட்டினார். படத்தில் தாயின் இடத்தில் வேறொரு பெண் நின்று மகனுக்குச் சிலுவை போட்டாள்.

"ஆரோ நல்ல மனுசி. என்ரை இடத்தை வெறுமையா விடாமல் வந்து நிண்டிருக்கிறா" என்றார் அக்கா.

அந்த அறையில் ஒரே ஒரு வெள்ளைக்காரன் இருந்தான். சமையலறையில் வேலை செய்த ரேட்டோ. மூன்று மணித்தியாலக் கசெட்டை, ஒரு சொல்லும் விளங்காமல், நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து முழுவதும் பார்த்தான். பணியாரத் தட்டைப் பாதி காலி செய்ததும் அவன்தான்.

ரேட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்குப் பக்கத்துப் பெடியன். தகப்பன் அங்கே சின்ன விடுதி வைத்திருந்தார். மலைக்கு நடுவே பிறந்தவனுக்குக் கடல் பைத்தியம் பிடித்திருந்தது. அலையின் மேல் பலகையில் ஏறி நின்று சறுக்கும் விளையாட்டுக்காகவே உழைத்தான். சீசன் முடிந்ததும் முதுகில் பலகையைக் கட்டிக்கொண்டு எங்காவது தீவுக்குப் பறந்துவிடுவான். ஒரு நாள் நாங்கள் சாப்பிட்டுத் திரும்பியபோது, அக்காவின் இஸ்திரிப் பலகையைச் சவர்க்காரத் தூள் டப்பாவின் மேல் வைத்து, அதில் ஏறி நின்று கைகளை விரித்து ஆடிக்கொண்டிருந்தான். அக்கா துவாயைச் சுருட்டி முதுகில் ஒன்று போட்டார். அன்றையிலிருந்து இரண்டு பேரும் சிநேகம். அக்காவின் மீன் குழம்பைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு ஓடுவான். பாதித் தமிழ், பாதி ஜெர்மன், மிச்சம் கை என்று அவர்கள் கதைப்பதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும்.

ஒரு வருஷம் பனிக்காலச் சீசன் முடியும் தறுவாயில் ரேட்டோ எல்லோருக்கும் ஒரு கார்ட் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் புறப்பட்டான். முன்பக்கம் கறுத்த பாறைகளும் பெரிய அலையும். பின்பக்கம், 'ரேட்டோவும் கரினும் கலியாணம் செய்கிறோம்' என்ற வரி, ஒரு தேதி, பாலிக்கு அடுத்த தீவில் ஒரு கடற்கரையின் பெயர். தலைமைச் சமையற்காரர் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். எல்லோரும் அழகு, அழகு என்றார்கள். கையெழுத்துப் போட்டு ஒரு வாழ்த்து மட்டை அனுப்பினார்கள். அவர்களுக்கு விஷயம் முடிந்தது.

எங்களுக்குக் கலியாணக் கார்ட் என்றால் அழைப்பு. வரவேண்டாம் என்று சொல்வதற்காக எந்த வீட்டில் கார்ட் அடிப்பார்கள்?

"அவன் கலியாணத்துக்குச் சொல்லிப்போட்டான். போகாமல் விடுறதோ?" என்றார் அக்கா.

"அக்கா, அது உலகத்தின்ரை மற்ற மூலை."

"ஹோட்டல் பூட்டுற நேரம்தானே. ஒருக்கா முகம் காட்டிப்போட்டு வருவம்."

அந்த நேரம் அவருக்கு வழக்கு வென்று பயணப் பத்திரம் கைக்கு வந்திருந்தது. இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்று அதில் எழுதியிருக்கும். "எல்லா இடமும் போகலாமாம், வீட்டை மட்டும் போகேலாதாம்" என்று சிரிப்பார். கனடாக்காரர் அதற்குப் பிறகும் விசா தரவில்லை. கனடாவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த காசில்தான் இந்த விமானச் சீட்டை எடுத்தார். விசாவுக்கு நாங்கள் தலைநகர் பேர்ணுக்கு அலைந்த கதையை விட்டுவிடுகிறேன். நானும் கடலைக் கண்டு வருஷக்கணக்காகியிருந்தது. அதனால் இம்முறை அவ்வளவாக முணுமுணுக்கவில்லை.

பயணம் போகப் போக முணுமுணுத்தேன். விமானம், பஸ், கப்பல், பிறகு ஆட்டுக்குட்டிகளோடு ஒரு லொறி. லொறிப் பாதையும் ஓரிடத்தில் குன்று இடிந்து நின்றுபோனது. அங்கிருந்து மீன்பிடிப் படகு. வழி முழுவதும் அக்கா பலகாரத் தகரத்தைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். பெட்டிக்குள் கரினுக்கு ஒரு கூறைச்சீலை, ரேட்டோவுக்கு ஒரு பட்டு வேட்டி. படகு ஏறுமுன் ஒரு மீனவர் குடிலில் கேட்டு உள்ளே போய்ப் பட்டுச் சீலையை மாற்றிக்கொண்டு வந்தார். கலியாண வீட்டுக்குப் பயண உடுப்போடு போகக்கூடாதாம்.

அந்தக் கடற்கரையைக் கண்டதும் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. தண்ணீர் வற்றிய இடத்தில் கத்தி கத்தியாகப் பவளப்பாறை. அதற்கு அப்பால் மாடி உயரத்துக்கு அலை எழுந்து, சுருண்டு, இடி இடித்துக்கொண்டு விழுந்தது. தென்னோலையில் நாலைந்து குடில். மின்சாரம் இல்லை, கடை இல்லை. பாறையில் குரங்குகள் குந்தியிருந்தன.

"உதுவோ கடற்கரை? கால் வைக்க ஒரு பிடி மணல் இல்லை" என்றார் அக்கா. "எங்கடை மன்னார்க் கடல் பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும். உதுக்குள்ளையோ இவன் விளையாடுறான்?"

சீலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் தண்ணீரில் இறங்கினார். நான் தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். பலகையோடு கரையேறிக்கொண்டிருந்த ரேட்டோ எங்களைக் கண்டான். அப்படியே நின்றான். பலகை கையிலிருந்து நழுவியது.

"அக்கா?"

"ஓம். பிந்திப்போனமோ?"

அவன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. என் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் ஜெர்மனில், "யார் செத்துப்போனது? அப்பாவா?" என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கார்ட் யாரையும் கூப்பிடவில்லை. கலியாணம் செய்கிறோம் என்ற செய்தியைச் சொல்லியிருந்தது, அவ்வளவுதான். ஹோட்டலில் அத்தனை சுவிஸ்காரருக்கும் அது தெரிந்திருக்கிறது. உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து கூப்பிடாத கலியாண வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம், ஒருத்தி பட்டுச் சீலையில், மற்றவள் தலையில் தகரத்தோடு. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

"ஒருவரும் சாகவில்லை. கலியாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாய் என்று நினைத்து வந்திருக்கிறார். தயவு செய்து சொல்லிவிடாதே" என்றேன்.

ரேட்டோ தகரத்தையும் பட்டுச் சீலையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஈர உடம்போடு அக்காவைக் கட்டிப் பிடித்தான். அக்கா பட்டு நனைகிறது என்று கத்தினார்.

கரின் வேறு மாதிரி. கை கொடுத்தாள், சிரித்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றது. அன்று மாலை குடிலுக்குப் பின்னால், "ஒருவரும் வேண்டாம் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அவள் ரேட்டோவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. கலியாணப் பதிவெல்லாம் சுவிஸிலேயே முடித்துவிட்டார்கள். தேவாலயத்தில் செய்யாத கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று ரேட்டோவின் தகப்பன் சொல்லிவிட்டார். கரினின் வீட்டிலும் சண்டை. சண்டைகளுக்குத் தப்பித்தான் இங்கே வந்து, கடலுக்கு முன்னால் நின்று மோதிரம் மாற்றத் தீர்மானித்திருந்தார்கள். பக்கத்துக் குடில்களில் இருந்த அலைச்சறுக்குப் பெடியங்கள்தான் சாட்சி.

அன்று இரவு முழுவதும் எனக்கு ஒரே பயம். அக்காவுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும்? ஒரு கலியாணத்துக்குத்தான் போகமுடியாமல் போனது, மற்றதற்கு வேண்டாத ஆளாய் வந்து நிற்கிறோம் என்று அறிந்தால் அந்த மனுஷி உடைந்துபோவார். இனி எந்த வீட்டுப் படியும் ஏறமாட்டார் என்று தோன்றியது. இவ்வளவு காலமும் அவர் இழுத்த இழுப்புக்கெல்லாம் சலித்துக்கொண்டவள், அவர் போகாமல் விட்டுவிடுவாரோ என்று அன்றைக்குத் தவித்தேன்.

அக்காவோ குறட்டை விட்டுத் தூங்கினார். விடிந்ததும் படகுக்காரரிடம் மீன் வாங்கி, பெட்டியின் அடியில் இருந்த மிளகாய்த்தூளை எடுத்து, அத்தனை பெடியங்களுக்கும் குழம்பு வைக்கத் தொடங்கிவிட்டார்.

அன்றுதான் கலியாணம். அன்றைக்கென்று அலையும் வந்தது. இப்படி ஒரு அலை வருஷத்தில் ஒரு தரம்தான் வருமாம். குடில்கள் ஒரு நிமிஷத்தில் காலியாகின. எல்லோரும் பலகையோடு ஓடினார்கள். மாப்பிள்ளையும் ஓடினான். மத்தியானம் தாண்டியும் ஒருவரும் கரைக்கு வரவில்லை. கரின் குடில் படியில் தனியாக இருந்தாள். கால் விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

அக்கா கரண்டியை என்னிடம் தந்துவிட்டுப் போய் அவளுக்குப் பின்னால் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சீப்பை எடுத்து உப்பில் சிக்கின அந்தத் தலையைச் சிக்கெடுக்கத் தொடங்கினார். கரின் முதலில் விறைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு அக்காவின் முழங்காலில் தலையைச் சாய்த்து அழுதாள். தன் தாயும் சின்ன வயதில் இப்படித்தான் வாரிவிடுவாள் என்று அவள் சொன்னதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"சொல்லு பிள்ளை, தாய் நினைச்சுக்கொண்டுதான் இருப்பா எண்டு" என்றார் அக்கா. "தூரத்திலை இருக்கிற தாய்மாற்றை சங்கதி எனக்குத் தெரியும்."

கூறைச்சீலையை அவளுக்குச் சுற்றிவிட்டு, பட்டு வேட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வெளியே போனார். வெறுங்காலோடு அந்தக் கூர்ப் பாறையில் ஏறினார். வேட்டியை விரித்துத் தலைக்கு மேல் பிடித்து, காற்றில் ஆட்டத் தொடங்கினார்.

"டேய்! மாப்பிளை கலியாணத்தண்டு தண்ணியிலை இறங்குறதோ? கரைக்கு வாடா!"

இரைச்சலில் அவருடைய குரல் போயிருக்காது. வேட்டி போனது. கரையில் வெள்ளைத் துணி ஆடினால் யாருக்கோ ஆபத்து என்று அவர்கள் நினைத்தார்களாம். ஒருவர் பின் ஒருவராகப் பலகையில் படுத்துத் துடுப்புப் போட்ட மாதிரிக் கையை அடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த வருஷத்து அலையை விட்டுவிட்டு அத்தனை பேரும் வந்தார்கள். மூச்சிரைக்க, "என்ன, யாருக்கு என்ன?" என்று கேட்டார்கள்.

"கலியாணம்" என்றார் அக்கா.

ஒருவன் சிரிக்கத் தொடங்கி எல்லோரும் சிரித்தார்கள். ரேட்டோ சிரிக்கவில்லை. சீலையோடு குடில் வாசலில் நின்ற கரினைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேரே அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அக்கா அவனுக்கு ஈரக் காற்சட்டைக்கு மேலேயே வேட்டியைக் கட்டிவிட்டார். மோதிரம் மாற்றினார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் இருவரும் நிற்க, அக்கா முன்னால் போனார். ரேட்டோவின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார். பிறகு கரினின் நெற்றியில். கசெட்டில் வேறொருத்தி செய்ததை அவர் ஒருக்கால் தன் கையால் செய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

பலகாரத் தகரம் கொஞ்ச நேரத்தில் காலி. புறப்படும்போது கரின் அக்காவின் கையை விடவில்லை.

சூரிச்சில் இறங்கி இன்டர்லாக்கன் ரயிலில் ஏறினோம். பட்டுச் சீலையின் கரையில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அக்கா அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கடைசி வரை அவருக்கு ஒன்றும் தெரியாமல் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை எனக்கு. ஏரி தெரியத் தொடங்கியபோது, "நல்லகாலம் அக்கா, எங்களையும் நினைச்சு அவன் கார்ட் தந்தான்" என்றேன்.

அக்கா தலை நிமிரவில்லை.

"கார்ட் தந்த அண்டைக்கே எங்கடை மேற்பார்வைக்காரியிட்டைக் குடுத்து வாசிப்பிச்சனான். வரச்சொல்லி அதிலை ஒரு சொல்லும் இல்லையெண்டு சொன்னவ. இஞ்சை உது அறிவிக்கிறதுக்கு மட்டும்தானாம்."

"தெரிஞ்சுகொண்டோ என்னையும் இழுத்துக்கொண்டு போனனீங்கள்?"

"உனக்குச் சொல்லியிருந்தால் நீ வந்திருக்கமாட்டாய்."

அது மெய். ஆனாலும் கோபம் வந்தது. "அப்ப ஏன் அக்கா போனனீங்கள்?"

அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டு ஏரியைப் பார்த்தார்.

"என்ரை மகன் அனுப்பின கார்ட்டிலை கட்டாயம் வரச்சொல்லி எழுதியிருந்தது. போகேலாமல் போச்சு. இதிலை வரச்சொல்லி எழுதேல்லை. ஆனால் போகக்கூடியதாய் இருந்தது, பிள்ளை."